படுத்தே கிடந்தால் குணமாகுமா?

எம்.எஸ். நோய் உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ஒரு பாடம்



வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் நாம் முதலில் என்ன சொல்வோம்? "பேசாமல் படு. ஓய்வு எடு" என்போம். காய்ச்சலுக்கு அது சரி. மூன்று நாளில் காய்ச்சல் விடும். எழுந்து வேலைக்குப் போவோம்.

ஆனால் சில நோய்கள் மூன்று நாளில் போவதில்லை. முப்பது ஆண்டுகள் கூடவே இருக்கும். அந்த முப்பது ஆண்டுகளும் படுத்தே கிடக்க முடியுமா? கிடந்தால் உடம்பு என்ன ஆகும்?

இந்தப் பாடத்தில் அப்படிப்பட்ட ஒரு நோயைப் பற்றித் தெரிந்துகொள்வோம். அதன் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். "பல இடங்களில் தழும்பு" என்பது இந்தப் பெயரின் பொருள்.

எங்கே தழும்பு?

மின்சாரக் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே செம்புக் கம்பி இருக்கும். மேலே பிளாஸ்டிக் உறை இருக்கும். உறை கிழிந்தால் என்ன ஆகும்? விளக்கு மினுக் மினுக்கென்று எரியும். சில நேரம் அணைந்தே போகும்.

நம் நரம்புகளும் ஏறக்குறைய அப்படித்தான். "கையைத் தூக்கு", "காலை வை" என்று மூளை கட்டளை இடுகிறது. நரம்புகள் அந்தக் கட்டளையைக் கொண்டு போகின்றன. நரம்பின் மேல் கொழுப்பால் ஆன ஓர் உறை உண்டு. அதற்கு மயலின் என்று பெயர். உறை நன்றாக இருந்தால் கட்டளை வேகமாகப் போகும்.

நம் உடலில் நோய்க் கிருமிகளை எதிர்க்கும் சக்தி இருக்கிறது. அது வீட்டுக் காவல்காரன் மாதிரி. எம்.எஸ். நோயில் இந்தக் காவல்காரன் ஆள் தெரியாமல் வீட்டுக்காரரையே அடிக்கிறான். மூளையிலும், தண்டுவடத்திலும், கண் நரம்பிலும் உள்ள மயலின் உறை சேதமாகிறது. சேதமான இடங்களில் தழும்பு விழுகிறது. கட்டளை மெதுவாகப் போகிறது. அல்லது போகாமலே நின்றுவிடுகிறது.

அதனால் என்னென்ன தொல்லைகள் வரும்?

ஒரு கண் மங்கலாகத் தெரியும். கை கால் மரத்துப் போகும். நடக்கும்போது தள்ளாடும். கால் கனக்கும். சிறுநீரை அடக்க முடியாமல் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாங்க முடியாத அசதி வரும். இது சோம்பல் அல்ல. நோயின் ஒரு பகுதி.

எல்லாருக்கும் எல்லாத் தொல்லையும் வராது. பெரும்பாலானவர்களுக்கு நோய் வந்து வந்து போகும். சில வாரங்கள் தொல்லை தரும். பிறகு குறையும். மாதங்கள் கழித்து மறுபடியும் வரும்.

யாருக்கு வரும்?

பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் இந்த நோய் தெரிய வருகிறது. உழைத்துச் சம்பாதிக்கும் வயது. பிள்ளை பெற்று வளர்க்கும் வயது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக வருகிறது. 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. நம் நாட்டிலும் இருக்கிறது.

இது தொற்று நோய் அல்ல. தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. பாவமும் அல்ல, சாபமும் அல்ல.

நோயை அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் நோய் திரும்பத் திரும்பத் தாக்குவதைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றை நரம்பு மருத்துவர் சொல்கிறபடி விடாமல் எடுக்க வேண்டும்.

"அசையாதே" என்று ஏன் சொன்னார்கள்?

1890-ஆம் ஆண்டு ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற கண் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். எம்.எஸ். நோயாளிகள் சிலர் உடலை வருத்தி வேலை செய்ததும் அவர்களுக்குக் கண் மங்கியது. சற்று நேரம் ஓய்வு எடுத்ததும் பார்வை திரும்பியது.

காரணம் என்ன? பின்னால் வந்த மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். வேலை செய்தால் உடம்பு சூடாகும். உறை கிழிந்த நரம்பு சூட்டைத் தாங்காது. அரை டிகிரி கூடினாலே சிலருக்குத் தொல்லை தெரியும். வெந்நீரில் குளித்தாலும் இப்படி ஆகும். காய்ச்சல் வந்தாலும் ஆகும்.

ஆனால் ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். உடம்பு குளிர்ந்ததும் பார்வை திரும்பிவிடுகிறது. அதாவது நோய் முற்றவில்லை. புதிய தழும்பு விழவில்லை. சூடு வந்தது, தொல்லை வந்தது. சூடு போனது, தொல்லையும் போனது. அவ்வளவுதான்.

இது புரியாமல் பல பத்தாண்டுகள் மருத்துவர்களே பயந்தார்கள். "உடற்பயிற்சி வேண்டாம். இருக்கும் பலத்தைச் சேர்த்து வையுங்கள்" என்று நோயாளிகளிடம் சொன்னார்கள். பலம் என்ன, உண்டியலில் போடும் காசா? செலவு செய்யாமல் வைத்தால் மிஞ்சுவதற்கு? கிணறு இறைக்க இறைக்கத்தான் ஊறும். உடம்பின் பலமும் அப்படித்தான்.

ஒரு விளையாட்டு வீரரின் கதை

அமெரிக்காவில் ஜிம்மி ஹியூகா என்ற பனிச்சறுக்கு வீரர் இருந்தார். 1964-ஆம் ஆண்டு ஆஸ்திரியா நாட்டில் இன்ஸ்புருக் நகரில் குளிர்கால ஒலிம்பிக் போட்டி நடந்தது. அதில் அவர் வெண்கலப் பதக்கம் வென்றார்.

1970-ஆம் ஆண்டு அவருக்கு எம்.எஸ். நோய் என்று தெரிந்தது. "இனி உடம்பை வருத்தாதே" என்றார்கள் மருத்துவர்கள். அவரும் கேட்டார். பயிற்சியை விட்டார். உடல் தளர்ந்தது. மனமும் தளர்ந்தது.

பிறகு தானே ஒரு முடிவுக்கு வந்தார். தன் உடம்புக்கு ஏற்றபடி மெல்ல மெல்லப் பயிற்சி தொடங்கினார். உடம்பில் தெம்பு வந்தது. 1984-ஆம் ஆண்டு கொலராடோ மாநிலத்தில் ஒரு மையம் தொடங்கினார். தன்னைப் போன்ற நோயாளிகளுக்கு அங்கே பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள்.

பயிற்சியால் அவர் நோய் போய்விட்டதா? இல்லை. பிற்காலத்தில் அவர் சக்கர நாற்காலியில்தான் இருந்தார். ஆனால் நோய் தெரிந்த பிறகு 40 ஆண்டுகள் வாழ்ந்தார். 2010-ஆம் ஆண்டு காலமானார். பயிற்சி நோயைப் போக்கும் மந்திரம் அல்ல. நோயோடு வாழும் வாழ்க்கையை நல்ல வாழ்க்கையாக்கும் வழி.

ஆய்வு என்ன சொல்கிறது?

1996-ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா மாநில ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் எம்.எஸ். நோயாளிகள் 54 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் பயிற்சி செய்தது. மற்றொரு குழு பயிற்சி செய்யவில்லை. இப்படி 15 வாரங்கள் நடந்தது.

பயிற்சி செய்தவர்களுக்குக் கை கால் பலம் கூடியது. மூச்சுப் பலம் கூடியது. மனச்சோர்வு குறைந்தது. அதற்குப் பிறகு பல நாடுகளில் பல ஆய்வுகள் நடந்தன. அளவான பயிற்சி எம்.எஸ். நோயாளிகளுக்கு நல்லது என்றே அவையும் காட்டின.

படுத்தே கிடந்தால் என்ன கெடுதல் வரும்? நோய் பாதிக்காத தசையும் மெலியும். மூட்டு இறுகும். எலும்பு பலம் இழக்கும். மலச்சிக்கல் வரும். படுக்கைப் புண் வரும். சர்க்கரை நோயும் இதய நோயும் எளிதில் வரும். நோய் எடுத்துக்கொண்டது பாதி என்றால், படுக்கை எடுத்துக்கொள்வது மீதிப் பாதி.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்

ஒரு சிறிய வீடு. மருமகளுக்கு 32 வயது. தையல் வேலை செய்தவள். இரண்டு ஆண்டுகளாக எம்.எஸ். நோய். வீட்டில் எல்லாரும் பாசமானவர்கள். அவள் எழுந்தாலே மாமியார் ஓடி வருவார். பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பிசியோதெரபி அம்மா ஒரு நாள் வீட்டுக்கு வந்தார்.

"எழுந்திருக்காதே கண்ணு, நான் தண்ணி கொண்டு வரேன்" என்றார் மாமியார்.

பிசியோதெரபி அம்மா கேட்டார்: "ஏம்மா, தண்ணிப் பானை எங்கே இருக்கு?"

"இதோ, பத்தடி தூரத்துல."

"உங்க மருமகளால நடக்க முடியுமா, முடியாதா?"

"சுவத்தைப் பிடிச்சா நடப்பா. ஆனா விழுந்துட்டா என்ன பண்றது? ஏற்கெனவே காலுக்குப் பலம் இல்லே."

"நடக்காம இருந்தா அந்தக் காலுக்குப் பலம் எப்படிம்மா வரும்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணி குடிக்கிறா?"

"எட்டு தடவை இருக்கும்."

"போக வர இருபதடி. எட்டு தடவைன்னா நூத்தி அறுபது அடி. அன்பினாலே அந்த நூத்தி அறுபது அடியையும் நீங்க அவகிட்டேருந்து வாங்கிட்டீங்க."

மாமியார் பேசாமல் நின்றார். மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "அத்தே, நான் போறேன். நீங்க பக்கத்துல வாங்க. பிடிக்க வேண்டாம். பக்கத்துல இருந்தா போதும்."

அன்று அவள் தானே போய்த் தண்ணீர் மொண்டு குடித்தாள். மாமியார் ஓர் அடி தள்ளிக் கூடவே நடந்தார்.

எப்படித் தொடங்குவது?

முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். பிசியோதெரபி நிபுணர் இருந்தால் அவர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். ஒவ்வொருவர் உடம்பும் வேறு. பக்கத்து வீட்டுக்காரர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யக் கூடாது.

நோய் மிகவும் முற்றாதவர்களுக்காக 2013-ஆம் ஆண்டு கனடா நாட்டு நிபுணர்கள் ஓர் அளவு சொன்னார்கள். வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம் மூச்சு வாங்கும் பயிற்சி. வாரத்தில் இரண்டு முறை தசைக்குப் பலம் தரும் பயிற்சி. இது போக வேண்டிய இடம். தொடங்க வேண்டிய இடம் அல்ல. ஐந்து நிமிடத்தில் தொடங்கினாலும் போதும். வாரத்துக்கு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கூட்டலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சில பயிற்சிகள்:

1. நடை. சமதரையில் நடங்கள். தேவையானால் கைத்தடி வைத்துக்கொள்ளுங்கள். தடி பிடிப்பது வெட்கம் அல்ல. விழுந்து எலும்பு முறிவதுதான் துன்பம்.

2. உட்கார்ந்து எழுதல். ஆடாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். உட்காருங்கள், எழுந்திருங்கள். முதலில் ஐந்து முறை. தொடைக்கு நல்ல பலம் கிடைக்கும்.

3. குதிகால் தூக்குதல். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். குதிகாலைத் தூக்கி இறக்குங்கள்.

4. எடை தூக்குதல். அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்புங்கள். அதைக் கையில் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுங்கள்.

5. நீட்டல். கெண்டைக்காலும் தொடையும் இறுகாமல் மெதுவாக நீட்டி, சிறிது நேரம் அப்படியே வையுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

யோகாசனம் தெரிந்தவர்கள் எளிய ஆசனங்களைச் செய்யலாம். நின்று செய்யும் ஆசனத்துக்குச் சுவர் துணை வேண்டும்.

பயிற்சி அளவாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செய்யும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் நடுத்தர அளவு. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியும் அசதி போகவில்லையா? அளவு மிஞ்சிவிட்டது. அடுத்த முறை குறைத்துக்கொள்ளுங்கள். விட்டுவிடாதீர்கள்.

வெயிலை வெல்வது எப்படி?

நம் நாட்டில் வெயில் அதிகம். எம்.எஸ். நோயாளிக்கு வெயில்தான் பெரிய தடை. ஆனால் அதற்கு வழி உண்டு.

விடிந்ததும் வெயில் ஏறுமுன் பயிற்சியை முடித்துவிடுங்கள். மின்விசிறி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். தளர்வான பருத்தி உடை உடுத்துங்கள். ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். தொடங்குமுன் பானைத் தண்ணீர் குடியுங்கள். முடித்ததும் கையையும் காலையும் குளிர்ந்த தண்ணீரில் சிறிது நேரம் வையுங்கள். அரை மணி நேரத்தை ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துச் செய்யுங்கள்.

சிலர் சிறுநீர்த் தொல்லைக்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. அது தவறு. பயிற்சிக்கு முன் கழிப்பறைக்குப் போய் வாருங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

கால் மரத்தவர்கள் கொதிக்கும் ஒத்தடம் கொடுக்கக் கூடாது. தோல் வெந்தாலும் தெரியாது.

எப்போது நிறுத்த வேண்டும்?

பயிற்சியின்போது கண் மங்கினால் உட்காருங்கள். உடம்பைக் குளிர வையுங்கள். சிறிது நேரத்தில் சரியானால் பயம் இல்லை. மறுநாள் இன்னும் குளிர்ந்த நேரத்தில் செய்யலாம்.

ஆனால் புதிய தொல்லை வந்து 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது நோயின் புதிய தாக்குதலாக இருக்கலாம். பயிற்சியை நிறுத்துங்கள். உடனே மருத்துவரிடம் போங்கள். காய்ச்சல் இருந்தாலும் பயிற்சி வேண்டாம். தாக்குதல் தணிந்த பிறகு மருத்துவரைக் கேட்டு, மறுபடியும் ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்கலாம்.

"எனக்குப் பயிற்சி செய்தால் போதும், மருந்து எதற்கு?" என்று நினைக்காதீர்கள். மருந்தின் வேலை வேறு. பயிற்சியின் வேலை வேறு. இரண்டும் வேண்டும்.

நடக்க முடியாதவர்கள் என்ன செய்வது?

உட்கார்ந்தபடியே பயிற்சி செய்யலாம். கையைத் தூக்கலாம். தோளைச் சுற்றலாம். ஆழமாக மூச்சு இழுத்து விடலாம். தானாக அசையாத காலை வீட்டார் மெதுவாக மடக்கி நீட்டலாம். இதை நிபுணரிடம் ஒரு முறை கற்றுக்கொள்ள வேண்டும். நாற்காலியில் இருப்பவர் அடிக்கடி உடம்பை ஒரு பக்கம் சாய்த்து எடையை மாற்ற வேண்டும். புண் வராது.

குடும்பத்தார் நினைவில் வைக்க வேண்டியவை

அவர்களால் முடிந்ததை அவர்களே செய்யட்டும். காய் நறுக்குவதும், துணி மடிப்பதும், பிள்ளைக்குத் தலை பின்னுவதும் பயிற்சிதான். நேரம் அதிகம் ஆகலாம். பொறுமையாக இருங்கள்.

நடக்கும் வழியில் பாத்திரம், பாய், வழுக்கும் விரிப்பு இவற்றைப் போடாதீர்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பதித்துக் கொடுங்கள். "அசதியா இருக்கு" என்று சொன்னால் நம்புங்கள். "நடிக்கிறாள்" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல் நோயைவிட அதிகமாக வலிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1995-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் எம்.எஸ். நோயின் பெயர் இல்லை. 2016-ஆம் ஆண்டு புதிய சட்டம் வந்தது. அதில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. எம்.எஸ். நோயும் அதில் சேர்ந்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் மருத்துவர்கள் பரிசோதித்துச் சான்றிதழ் தருவார்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பல சலுகைகள் கிடைக்கும்.

இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் 1985-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை போன்ற நகரங்களில் அதன் கிளைகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் மே 30-ஆம் நாள் உலக எம்.எஸ். நாள்.

நினைவில் கொள்வோம்

எம்.எஸ். தொற்று நோய் அல்ல.
சூட்டினால் வரும் தொல்லை, குளிர்ந்தால் போகும்.
அளவான பயிற்சி நல்லது. படுத்தே கிடப்பது கெடுதல்.
மருந்தும் வேண்டும், பயிற்சியும் வேண்டும்.
அன்பு என்றால் எல்லாவற்றையும் நாமே செய்து கொடுப்பது அல்ல. செய்யத் துணை நிற்பது.

சிந்தித்து விடை சொல்லுங்கள்

1. நரம்பின் மேல் உள்ள உறைக்கு என்ன பெயர்?
2. எம்.எஸ். நோயாளிகள் உடற்பயிற்சி செய்யக் கூடாது என்று ஏன் சொன்னார்கள்? அது ஏன் தவறு?
3. பயிற்சி அளவு மிஞ்சிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்ளலாம்?
4. மாமியார் செய்தது அன்பா, தவறா? குழுவில் பேசுங்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் தெருவில் நீண்ட நாள் நோயோடு வீட்டுக்குள்ளேயே இருப்பவர் யாராவது உண்டா? நாளைக் காலை அவர் வீட்டுக்குப் போங்கள். இந்தப் பாடத்தை அவருக்கும் வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள். மருத்துவரைக் கேட்டு வர உதவுங்கள். பிறகு அவரோடு சேர்ந்து நடந்து வாருங்கள், அவர் வேகத்திலேயே.